பி.காம். பட்டப்படிப்பு

பி.காம். என்பது இந்தியப் பல்கலைக்கழகங்கள் வழங்கும் வணிகவியல் இளங்கலைப் பட்டம். மேல்நிலைப் பள்ளிக்குப் பின் மூன்று ஆண்டு படிக்கும் இந்தப் படிப்பில் வங்கியியல், வணிகச் சட்டம், பொருளியல், புள்ளியியல் எனப் பல தாள்கள் உண்டு. ஆனாலும் நடுத்தூண் கணக்கியல்தான்: முதலில் நிதிக் கணக்கு, அடுத்து நிறுமக் கணக்கு, பிறகு அடக்கவிலைக் கணக்கு, மேலாண்மைக் கணக்கு, தணிக்கை, வருமான வரி. பிள்ளை பி.காம். சேர்ந்திருக்கிறான் என்றதும் உறவினர் கேட்கும் முதல் கேள்வி "ஆடிட்டர் ஆகப்போறியா?" என்பது. சட்டப்படி அதற்கு நேரான பதில், இந்தப் பட்டத்தால் மட்டும் ஆக முடியாது என்பதே. பட்டம் கணக்கு எழுதக் கற்பிக்கிறது. எழுதிய கணக்கு சரி என்று கையெழுத்திடும் உரிமையைத் தருவதில்லை. கற்பிக்கும் கல்லூரியும் கையெழுத்துரிமை தரும் சட்டமும் இந்தியாவில் ஒரே ஆண்டில், 1913இல், வெவ்வேறு வீடுகளில் பிறந்தன. பாடத்திட்டம் பழையது, நடைமுறைப் பயிற்சி இல்லை, குமாஸ்தாவுக்கான படிப்பு என்று பி.காம். மீது சொல்லப்படும் குறைகள் பலவும் ஆசிரியர்களின் சோம்பலால் வந்தவை என்பதைவிட, அந்தப் பாகப்பிரிவினையால் வந்தவை என்று கொள்வதே வரலாற்றுக்குப் பொருந்துகிறது.

கல்லூரி வருவதற்கு முன் இங்கே கணக்குக் கல்வி இல்லாமலில்லை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம் செய்த பையன் பின்னங்களையும் நெல்லளவையும் நாக்கு நுனியில் வைத்திருந்தான். ஊர்க் கணக்கைக் கர்ணம் குடும்பம் தலைமுறையாக எழுதியது. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அன்றாடக் கணக்கான சிட்டையை எழுதப் பழகி, அடுத்தாளாக உயர்ந்து, பிறகு ஏஜெண்டாக மூன்றாண்டுக் கெடுவுக்குப் பர்மாவுக்கோ மலாயாவுக்கோ கப்பலேறினான். சிட்டையிலிருந்து பேரேடு, பேரேட்டிலிருந்து ஐந்தொகை என்று அவன் போட்ட கணக்கு, ரங்கூனில் கடை நடந்தாலும் செட்டிநாட்டில் இருந்த முதலாளிக்கு லாபத்தைத் துல்லியமாகச் சொன்னது. ஆகவே ஐரோப்பியர் வந்து நமக்குக் கணக்குச் சொல்லித் தந்தார்கள் என்பது பொருந்தாத கதை. புதிதாக வந்தது கூட்டுப் பங்கு நிறுமம். முகம் தெரியாத ஆயிரம் பேர் பங்கு வாங்கிப் பணம் போடும் கம்பெனியில், கணக்கை எழுதுபவனும் பணத்தைப் போட்டவனும் ஒரே குடும்பமல்ல, ஒரே ஊருமல்ல. நம்பிக்கைக்கு உறவு உதவாத இடத்தில் வெளியாள் ஒருவர் கணக்கைப் பார்த்துச் சான்று சொல்ல வேண்டியிருந்தது. 1857, 1866, 1882 என்று அடுத்தடுத்து வந்த இந்தியக் கம்பெனிச் சட்டங்கள் அந்தத் தேவையை வளர்த்தன. அந்த வெளியாளை எங்கே தயாரிப்பது என்ற கேள்விதான் பி.காம். வரலாற்றின் தொடக்கம்.

பிரிட்டன் அந்தக் கேள்விக்கு முன்பே ஒரு பதில் வைத்திருந்தது. எடின்பரோவின் கணக்காளர் சங்கம் 1854இல் அரச சாசனம் பெற்றது; இங்கிலாந்து, வேல்ஸ் கணக்காளர்களின் நிறுவனம் 1880இல் பெற்றது. இரண்டுமே இளைஞனை ஒரு கணக்காளரிடம் ஒப்பந்தம் எழுதி ஒப்படைத்து, சில ஆண்டுகள் கூடவே இருந்து கற்கச் செய்தன. பல்கலைக்கழகத்துக்கு அதில் வேலையில்லை. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொருளாதார வரலாற்றாசிரியர் வில்லியம் ஆஷ்லியின் தலைமையில் வணிகவியல் புலத்தைத் தொடங்கி, தணிக்கை பற்றிய பாடநூலால் பெயர்பெற்ற லாரன்ஸ் டிக்ஸியைக் கணக்கியல் பேராசிரியராக்கியபோதும், அதன் நோக்கம் கணக்காளரை உருவாக்குவதல்ல. தொழிலை நடத்தும் தலைவர்களை உருவாக்குவது. தொழிலைத் தொழிற்கூடத்தில் கற்பது, பொது அறிவைப் பல்கலைக்கழகத்தில் கற்பது என்ற இந்தப் பிரிட்டிஷ் பாகுபாடு அப்படியே கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது.

இங்கே முதல் அடி சென்னையில் விழுந்தது. பச்சையப்பன் அறநிலையத்தார் 1886இல் ஒரு வணிகப் பள்ளியைத் தொடங்கினர்; அதே காலத்தில் சென்னை அரசும் வணிகப் பாடங்களுக்கான தேர்வுகளை ஏற்படுத்தியது. கணக்குப்பதிவு, டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் என்ற அந்த வரிசை இன்றும் தமிழ்நாட்டுத் தெருக்களில் 'இன்ஸ்டிடியூட்' என்ற பெயர்ப்பலகையின் கீழ் உயிரோடிருக்கிறது. 1895இல் கோழிக்கோட்டில் ஒரு வணிகப் பள்ளி வந்தது. இவை யாவும் அலுவலகத்துக்கு ஆள் தரும் பள்ளிகள். பட்டம் என்ற எண்ணத்துக்கு உருவம் கொடுத்தது பம்பாய். பஞ்சாலைகளும் துறைமுகமும் பங்குச்சந்தையும் இருந்த அந்த நகரில் 1913இல் தொடங்கிய சிடன்ஹாம் கல்லூரி, வணிகவியலுக்கென்றே ஆசியாவில் எழுந்த முதல் கல்லூரி என்று சொல்லப்படுகிறது. பம்பாய் ஆளுநராக இருந்த சிடன்ஹாம் பிரபுவின் பெயர் அதற்கு. கௌரவ முதல்வராக முதலில் பொறுப்பேற்றவர் பம்பாயில் கணக்காளர் தொழில் நடத்திய கே. எஸ். ஐயர். அடுத்து வந்த பெர்சி ஆன்ஸ்டி பொருளியல்காரர். 1918 முதல் இரண்டாண்டு அங்கே அரசியல் பொருளாதாரம் கற்பித்தவர் பி. ஆர். அம்பேத்கர். தொழில்முறைக் கணக்காளர் அடித்தளம் போட, பொருளியலாளர்கள் மேல்மாடி கட்டினார்கள் என்று இந்த வரிசையை வாசிக்கலாம். பர்மிங்ஹாமைப் போலவே கல்லூரி வணிகத்தைப் பரந்த அறிவாகப் பார்த்தது. கணக்கு அதில் ஓர் அறை.

அதே 1913இல் வந்த இந்தியக் கம்பெனிச் சட்டம் தணிக்கையாளருக்குத் தகுதி வரையறுத்தது. சான்றிதழ் வழங்கும் அதிகாரம் மாகாண அரசுகளிடம் போனது. பிரிட்டிஷ் இந்தியா முழுதும் செல்லும் கட்டற்ற சான்றிதழ் ஒன்று. குறிப்பிட்ட மாகாணத்தில், சான்றிதழில் சொன்ன மொழியில் மட்டும் தணிக்கை செய்ய அனுமதிக்கும் கட்டுள்ள சான்றிதழ் மற்றொன்று. பம்பாய் அரசு 1918இல் கணக்கியல் டிப்ளமா வாரியம் அமைத்தது. அந்த வாரியத்தின் ஜி.டி.ஏ. (அரசுக் கணக்கியல் டிப்ளமா) தேர்வில் தேறி, அனுமதி பெற்ற கணக்காளர் ஒருவரிடம் 'ஆர்டிகிள்' என்ற ஒப்பந்தப் பயிற்சியை மூன்றாண்டு முடித்தவருக்கே கட்டற்ற சான்றிதழ். வணிகவியல் கல்லூரி எழுந்திருந்த அதே நகரில், அதற்கு வெளியே, அரசு தனக்கென்று ஒரு தேர்வை நடத்தியது என்பதைக் கவனிக்க வேண்டும். 1932இல் தணிக்கையாளர் விதிகள் வந்து அதிகாரம் மாகாணங்களிலிருந்து மத்திய அரசுக்கும் அதற்கு ஆலோசனை சொன்ன இந்தியக் கணக்கியல் வாரியத்துக்கும் மாறியது. 'பதிவுபெற்ற கணக்காளர்' என்ற பட்டியல் உருவானது. 1949 ஜூலை 1இல் பட்டயக் கணக்காளர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அதிகாரம் கணக்காளரின் சொந்த நிறுவனத்தின் கைக்கே வந்து சேர்ந்தது. அரச சாசனம் ஏதுமின்றி, சுதந்திர நாட்டின் சட்டசபை இயற்றிய சட்டத்தால் பிறந்த நிறுவனம் தன்னைச் 'சாசனம் பெற்ற' கணக்காளர் என்று அழைத்துக்கொண்டது ஒரு வேடிக்கை. பெயரின் மதிப்பு லண்டனில் இருந்தது. மாகாண அரசு, மத்திய அரசு, தொழில் நிறுவனம் என்று கையெழுத்துரிமை மூன்று கை மாறியது. ஒருமுறைகூடப் பல்கலைக்கழகத்தின் கைக்கு வரவில்லை. இந்தியாவின் முதல் பெண் தணிக்கையாளரான சென்னை ஆர். சிவபோகம், சட்டமறுப்பு இயக்கத்தில் சிறை சென்று வந்தவர், 1933இல் அந்த உரிமையைப் பெற்றதும் ஜி.டி.ஏ. வழியாகத்தான்.

இது வேறு மாதிரி நடந்திருக்க முடியாதா என்று கேட்கலாம், முடிந்திருக்கும். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 1896இல் பொதுக் கணக்காளர் சட்டம் இயற்றியது. நான்கே ஆண்டில் அந்த நகரின் கணக்காளர்கள் முன்னின்று நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வணிகம், கணக்கு, நிதிக்கான பள்ளியைத் தொடங்கினர். நாளடைவில் பட்டம் இல்லாமல் உரிமத் தேர்வு எழுத முடியாது என்ற நிலை அங்கே வந்தது. உரிமம் பட்டத்தைச் சார்ந்திருந்ததால் அமெரிக்கப் பாடத்திட்டம் தொழிலின் தேவைக்கேற்ப மாற வேண்டியிருந்தது. இந்தியாவிலோ பட்டயக் கணக்காளர் நிறுவனம் தன் பாடத்திட்டத்தைத் தானே மாற்றிக்கொண்டது; பல்கலைக்கழகம் மாறினாலும் மாறாவிட்டாலும் அதற்கு நட்டமில்லை. ஆனால் இந்த ஒப்பீட்டை வைத்து இந்திய ஏற்பாடு தவறு என்று முடிவுகட்டுவதும் அவசரம். ஆர்டிகிள் சேர மாணவனே ஆடிட்டருக்குப் பணம் கட்டும் பிரிட்டிஷ் வழக்கம் இங்கும் இருந்தது. பெருநகரில் தங்க இடம், ஆடிட்டர் வீட்டுப் பழக்கம், சில ஆண்டு வருமானமில்லாமல் தாக்குப்பிடிக்கும் குடும்பம் மூன்றும் உள்ளவர்க்கே அந்தக் கதவு திறந்தது. பி.காம். படிக்க இவை எதுவும் தேவைப்படவில்லை. உரிமத்தோடு பட்டத்தைக் கட்டியிருந்தால் இடங்கள் சுருங்கியிருக்கும். சிறுநகரத்து அரசுக் கல்லூரிகள் பலவற்றுக்கு இந்தப் பாடம் போயே சேர்ந்திருக்காது.

பிரிவினையின் விலை பாடத்திட்டத்தில் தெரிகிறது. தமிழ்நாட்டின் எந்தக் கல்லூரியிலும் பழைய வினாத்தாள்களைப் புரட்டினால் ஒரு தொல்பொருள் காட்சிச்சாலை திறக்கும். கன்சைன்மென்ட் கணக்கு: பம்பாய் வணிகர் சென்னை ஏஜெண்டுக்குச் சரக்கனுப்புகிறார், வழியில் சில பெட்டிகள் கெடுகின்றன, ஏஜெண்டுக்குக் கமிஷனோடு கடன் பொறுப்புக் கமிஷனும் உண்டு, தந்திக்கும் நீராவிக் கப்பலுக்கும் உரிய உலகம் அது. ராயல்டிக் கணக்கில் வரும் 'ஷார்ட் ஒர்க்கிங்ஸ்' பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கக் குத்தகையிலிருந்து வந்தது: நிலக்காரருக்குக் குறைந்தபட்ச வாடகை உறுதி, தோண்டிய கரிக்கான ராயல்டி அதைவிடக் குறைந்தால் அந்தக் குறைவைப் பின்வரும் ஆண்டுகளில் ஈடுகட்டிக்கொள்ளலாம். சுரங்கமே பார்த்திராத மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த அட்டவணையைக் கோடு போட்டு நிரப்பியிருக்கிறார்கள். கூட்டாண்மைக் கலைப்பில் வரும் கார்னர் எதிர் மர்ரே வழக்கு 1904இல் பதிவான ஓர் ஆங்கிலத் தீர்ப்பு. நொடித்துப்போன கூட்டாளியின் பற்றாக்குறையை மற்றவர்கள் லாப விகிதத்தில் அல்ல, முதல் விகிதத்தில் சுமக்க வேண்டும் என்பது அதன் சாரம். மூன்று கூட்டாளிகளின் தகராறு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் திருநெல்வேலியில் பெருங்கேள்வியாக வந்தது. நொடிப்புக் கணக்கில் 1909ஆம் ஆண்டின் மாகாணத் தலைநகர்ச் சட்டத்தையும் 1920ஆம் ஆண்டின் மாகாணச் சட்டத்தையும் பிரித்தறிந்து 'ஏ' முதல் 'எச்' வரை பட்டியல் போட வேண்டும்.

இவை ஏன் நிலைத்தன? பழமையை விடமாட்டாத பேராசிரியர்களால் என்பது எளிய விளக்கம், போதாத விளக்கமும்கூட. ஒரு படிப்பின் வெற்றியை அளக்க வெளியில் உரிமத் தேர்வு எதுவும் காத்திருக்காதபோது, உள்தேர்வே அளவுகோலாகிறது. உள்தேர்வுக்கு வேண்டியது மூன்று மணி நேரத்தில் முடியும், இரண்டு பக்கமும் கூட்டுத்தொகை ஒத்துவரும், திருத்த எளிதான கணக்கு. உண்மையான கம்பெனியின் ஆண்டறிக்கை அப்படி இருக்காது. கன்சைன்மென்ட் கணக்கு அப்படி இருக்கும். பாட்லிபாய் தொடங்கி சுக்லா–கிரேவால், குப்தா–ராதாசாமி, தமிழ்நாட்டில் ரெட்டி–மூர்த்தி வரை பாடநூல்கள் ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் கணக்குகளை அடுக்கிக்கொண்டே போனதற்கும் இதுவே காரணம். கேள்வித்தாள் நூலைப் பார்த்தது, நூல் பழைய கேள்வித்தாளைப் பார்த்தது. பழைய கணக்குகள் மூளைக்குப் பயிற்சி, அவற்றைப் போட்டவன் எதையும் போடுவான் என்று வாதிடுவோர் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. யாருடைய சொத்து எங்கே நிற்கிறது, இழப்பை யார் தாங்குவது என்று சிந்திக்க கன்சைன்மென்ட் நன்றாகவே பழக்குகிறது. இன்றைய இணைய வணிகத்தில் கிடங்கில் சரக்கு வைத்து விற்றுத் தரும் ஏற்பாடும் அடிப்படையில் அதுதான். ஆனால் அந்தத் தொடர்பை வகுப்பில் யாரும் சொல்லாவிட்டால் பயிற்சி வெறும் வாய்ப்பாடாகவே நின்றுவிடும்.

மொழியிலும் இந்தப் படிப்புக்கு ஒரு தனிக் கதை உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை என்பது பள்ளியிலேயே மனப்பாடம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. ஒரே சொல் கடலைத் தாண்டியதும் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது. இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது: இலங்கை வழக்கு ரொக்கப் பெட்டியிலிருந்து பார்க்கிறது, பெட்டிக்குள் வந்தது வரவு; தமிழ்நாட்டு வழக்கு வாடிக்கையாளரின் பேரேட்டிலிருந்து பார்க்கிறது, அவர் கட்டிய பணம் அவர் கணக்கில் வரவு. நகரத்தார் கடைச் சொல்லான ஐந்தொகையை இலங்கைப் பாடநூல்கள் நெடுங்காலம் காப்பாற்றி வைத்திருக்க, இங்கே அதன் இடத்தை 'இருப்புநிலைக் குறிப்பு' பிடித்துக்கொண்டது. தமிழ்வழியில் படித்த பி.காம். மாணவர் இந்தச் சொற்களோடு வெளியே வரும்போது அலுவலகம் 'டெபிட்', 'கிரெடிட்' என்றே பேசியது. தொழில் தேர்வுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருந்ததால், பட்டத்துக்கும் உரிமத்துக்கும் இடையிலான அகழி தமிழ்வழி மாணவருக்கு இன்னும் ஆழமாயிற்று.

ஆயினும் படிப்பு பெருகியது, பெருக்கத்தின் காரணங்கள் கல்லூரிக்கு வெளியே இருந்தன. 1969 ஜூலை 19இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாகி, கிளைகள் சிற்றூர்களுக்குச் சென்றபோது கணக்குத் தெரிந்த இளைஞர் தேவைப்பட்டனர். அஞ்சல்வழிக் கல்வியும் மாலை நேரக் கல்லூரிகளும் பகலில் வேலை பார்ப்பவர்க்குப் பட்டம் எட்டச் செய்தன. 1984ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் 40 லட்ச ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள வணிகர்க்கு வரித் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. கையெழுத்திட ஓர் ஆடிட்டர் போதும், அதற்கு முன் பேரேடுகளைச் சரிபார்த்து வைக்க அவருக்கு நாலைந்து பி.காம். பட்டதாரிகள் வேண்டும். ஆய்வுக்கூடமோ இயந்திரமோ தேவைப்படாத படிப்பு என்பதால் சுயநிதிக் கல்லூரிகளுக்கும் இது உகந்ததாயிற்று. 2020–21ஆம் ஆண்டின் உயர்கல்விக் கணக்கெடுப்பில் இளங்கலை மாணவரில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர் வணிகவியலில் இருந்தனர். குமாஸ்தாப் படிப்பு என்ற ஏளனத்துக்கு இந்த எண்ணிக்கையே பதிலாகாது. ஆனால் குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்த பலருக்கு வங்கி மேசையோ ஆடிட்டர் அலுவலக நாற்காலியோ இறங்குமுகமாக இருக்கவில்லை என்பதை ஏளனம் செய்வோர் கணக்கில் எடுப்பதில்லை.

1980களுக்குப் பின் இன்னொரு எதிர்வாதம் வந்தது: கணினி எல்லாவற்றையும் செய்துவிடும், இந்தப் படிப்பு எதற்கு? பெங்களூரில் 1986இல் பிறந்த டாலி மென்பொருள் குறிப்பேட்டில் ஒரு பதிவு போட்டதுமே பேரேட்டையும் இருப்பாய்வையும் லாப நட்டக் கணக்கையும் தானே தந்தது. இரண்டு பக்கமும் ஒத்துவரச் செய்யும் திறமை, தேர்வு பல பத்தாண்டுகளாக அளந்துவந்த திறமை, சந்தையில் விலையிழந்தது உண்மை. பல்கலைக்கழகங்கள் இதற்குப் பெயர்ப்பலகையால் பதில் சொல்லின: பி.காம். கணினிப் பயன்பாடு, நிறுமச் செயலரியல், வங்கி மேலாண்மை, கணக்கு மற்றும் நிதி, தொழில்முறைக் கணக்கியல். உள்ளே முக்கால் பங்கு அதே தாள்கள். மென்பொருள் அழித்தது எழுதும் வேலையை. எது செலவு எது சொத்து என்று தீர்மானிக்கும் வேலையை அல்ல. 2017 ஜூலை 1இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது திருப்பூரிலும் சிவகாசியிலும் சிறு உற்பத்தியாளர் பலருக்கும் விவரப்பட்டியல் தாக்கல் செய்ய ஆள் தேடவேண்டியிருந்தது, கணினி வீட்டிலேயே இருந்தும். உலக வங்கி தன் கணக்கு, சம்பளப் பட்டியல் பணிகளின் ஒரு பகுதியை 2001 முதல் சென்னையில் நடத்தத் தொடங்கியதும் வணிகவியல் பட்டதாரிகள் இங்கே மலிந்திருந்ததால்தான் இயல்பாயிற்று.

இரண்டு வீடுகளுக்கும் இடையே கதவுகள் திறக்காமலும் இல்லை. வணிகவியல் பட்டத்தில் 55 விழுக்காடு பெற்றவரைப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் தன் அடிப்படைத் தேர்விலிருந்து விலக்கி, இடைநிலைக்கு நேரடியாகச் சேர்த்துக்கொள்கிறது. 2023இல் அது ஆர்டிகிள் காலத்தை மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைத்தது. அதற்கு வெகு முன்பே, யாரும் அதிகம் பேசாத ஒரு சிறு உரிமையைப் பி.காம். சட்டத்தில் வைத்திருந்தது. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 288ஆம் பிரிவில், வரி கட்டுபவருக்காக அதிகாரி முன் நின்று பேசத் தகுதியுடையோர் யார் என்று வரையறுத்தது. அதன் விதிகள் அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் வணிகவியல் பட்டத்தை அந்தத் தகுதிகளில் ஒன்றாக ஏற்றன. சரக்கு மற்றும் சேவை வரி விதிகளும் வணிகவியல் பட்டதாரி வரிப் பணியாளராகப் பதிவுசெய்துகொள்ள இடம் தந்தன. கடைத்தெரு மாடியில் 'வரி ஆலோசகர், பி.காம்.' என்று பலகை மாட்டியிருப்பவர் நிற்பது இந்த விதிகளின் மேல். அவர் வணிகரின் கணக்கை எழுதலாம், விவரப்பட்டியலைத் தாக்கல் செய்யலாம், நோட்டீஸ் வந்தால் அலுவலகத்துக்குப் போய் வாதாடலாம். விற்றுமுதல் வரம்பைத் தாண்டிய ஆண்டில் மட்டும், தணிக்கை அறிக்கையின் கடைசிப் பக்கத்துக்காக, அவரே கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இன்னொரு மாடிப்படி ஏற வேண்டும்.